`எல்லாரும் என்னைப் பத்திதான் பேசுறாங்க மச்சி!' - நண்பர் இப்படிச் சொன்னா என்ன செய்யணும்?

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் சாயங்காலமானா கேரம் போர்டைச் சுத்தி ஒரு கூட்டம் நிக்கும். அங்கே தினமும் வர்ற உங்க நண்பன் திடீர்னு வர்றதில்லைனு வெச்சுக்கோங்க. போன் எடுக்கலை. எண்ணூர் கம்பெனி ஷிஃப்டுக்கும் போகலை. தேடிப் போனா, ``தெருவுல எல்லாரும் என்னைப் பத்திதான் பேசுறாங்க மச்சி''ங்கிறான். நாம ``லவ் ஃபெயிலியரா?''னு கலாய்ப்போம். வீட்ல மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவாங்க. மாசங்கள் ஓடிடும்.

இது `சைக்கோசிஸ்' என்ற மனநலப் பாதிப்பின் தொடக்கமாக இருக்கலாம். நிஜம் எது, மனசு உருவாக்குவது எது என்ற கோடு மங்கிப்போகிற நிலை இது. பெரும்பாலும் டீன் ஏஜின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் முதல்முறை தலைகாட்டும். சிகிச்சை தள்ளிப்போகப் போக, குணமாவதும் கஷ்டமாகும்.

எதையெல்லாம் கவனிக்கணும்?

* ராத்திரி தூக்கமே இல்லாம இருக்கிறது
* குளியல், சாப்பாடு, நண்பர்கள்னு எல்லாத்துலயும் ஆர்வம் போறது
* `போனை ஹேக் பண்றாங்க', `சாப்பாட்டுல ஏதோ கலக்குறாங்க' போன்ற சந்தேகம்
* கோர்வையில்லாத பேச்சு
* யாருமில்லாதப்போ குரல் கேட்கிறது

நைட் ஷிஃப்ட் பார்த்தாலும் தூக்கம் கெடும். அதனால ஒரே ஒரு அறிகுறியை வெச்சுப் பதற வேண்டாம். ஆனா, `இவன் பழைய ஆளாவே இல்லையே' என்ற மாற்றம் வாரக்கணக்கில் நீடிச்சா, டாக்டரைப் பார்க்கணும். கஞ்சா பழக்கம் இருந்தா ரிஸ்க் இன்னும் அதிகம்.

எப்படிப் பேசணும்?

``லூசா நீ?''னு சண்டை போடாதீங்க. அவர் சொல்றதுக்கு ஆமாம் போடவும் வேண்டாம். ``எனக்கு அந்தக் குரல் கேட்கலைடா. ஆனா, நீ பயந்துபோயிருக்கேனு புரியுது. தூக்கம் வரலைனியே, அதுக்கு டாக்டரைப் பார்க்கலாமா? நானும் வர்றேன்'' - இது போதும்.

எங்கே போகணும்?

ராயபுரம் பக்கத்துலயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கு. டெலி மானஸ் உதவி எண் 14416-க்கு எந்நேரமும் இலவசமா போன் பண்ணலாம், தமிழ்லயே பேசலாம். தன்னையோ, பிறரையோ காயப்படுத்திடுவார்னு தோணினா காத்திருக்காதீங்க, உடனே 108.

டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய `ஸ்கார்ஃப்' அமைப்பும், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகமும் இரு நகரங்களிலும் முதல்முறை பாதிக்கப்பட்டவர்களை ஒப்பிட்டு ஆய்வு செஞ்சாங்க. ஒதுங்கிப்போறது, ஆர்வம் இழக்கிறது போன்ற பிரச்னைகள் மான்ட்ரியலைவிட சென்னையில் நல்லா குறைஞ்சிருந்தது. இங்கே குடும்பங்கள் சிகிச்சையில் அதிகமா கூட நின்னதும் தெரியவந்தது.

மருந்து டாக்டர் கொடுப்பார். ஓபி சீட்டு வாங்க கூட நிக்கிற ஆள் நீங்களா இருங்க!