குழந்தைகளின் சிறுநீர்க் கல்

கல்லடைப்பு முதியோர் நோய் என்றே நம்மவர் பலரும் எண்ணுகின்றனர். கிண்ணியாவில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலிலே ஓடியாடும் பிள்ளைகள் வியர்வையாய் இழக்கும் நீரைக் குடித்து ஈடுசெய்வதில்லை. சிறுநீர் சுண்ட, அதிலுள்ள கல்சியமும் ஒக்சலேற்றும் பளிங்குத் துகள்களாய்ப் படிந்து கல்லாகலாம்.

பெரியவருக்கு விலாவிலிருந்து அடிவயிற்றுக்குப் பாயும் நோவு உண்டாகும். ஐந்து வயதுப் பிள்ளையோ தொப்புளைக் காட்டி, "உம்மா, வயிறு குத்துது" என்னும். வீட்டார் பூச்சி மருந்து கொடுப்பர், நாட்கள் கழியும். சிறுநீர் சிவத்தல், முக்கி முக்கித் துளித்துளியாய்க் கழித்தல், அடிக்கடி சலக்கடுப்பு ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் வைத்தியரிடம் காட்டிச் சிறுநீரைச் சோதிப்பித்தல் வேண்டும். கல்லைக் காண முதலிற் செய்யத்தக்கது ஒலியலை ஸ்கான் பரிசோதனையே. அதில் நோவும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை.

கல் அடைத்த சிறுநீரகத்திற் கிருமி புகுந்தால் காய்ச்சலும் நடுக்கமும் வாந்தியும் தோன்றும். இது விடியும்வரை பொறுக்கத்தக்கதன்று; சிறுநீரகமே கெடும், உயிருக்கும் ஆபத்து. 2009ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படுமுன் திருகோணமலை செல்ல மிதவைப் பாதைக்காகக் கரையிலே காத்திருந்தனர். இன்று அந்தத் தடை இல்லை.

சிறு கற்கள் பெரும்பாலும் தாமே வெளியேறும். நோவு தீர்க்கும் மருந்தும் நீரும் போதும். அப்போது சிறுநீரைத் துணியில் வடித்து, அகப்படும் கல்லை வைத்தியரிடம் கொடுக்கவேண்டும். கல்லின் வகை தெரிந்தாற்றான் காரணம் தெரியும். நெருங்கிய உறவில் மணம் நடக்கும் குடும்பங்களிற் பரம்பரைக் காரணமும் இருக்கலாம். பெரிய கல்லை அதிர்வலையால் உடைப்பர், அல்லது நுண்கருவி செலுத்தி எடுப்பர்.

கல் என்றதும் பாலை நிறுத்துவது பெருந்தவறு. பாலிலுள்ள கல்சியம் குடலிலேயே ஒக்சலேற்றைப் பிணைத்து மலத்தோடு வெளியேற்றுகிறது. குன்னூரில் ஆராய்ந்த மக்கரிசன், ஊட்டக் குறைவான உணவால் எலிகளிற் கல் உண்டாவதை 1920களிலும் 1930களிலும் காட்டினார். குறைக்கவேண்டியது உப்பு: கருவாடு, ஊறுகாய், பைகளில் விற்கும் பொரியல்கள். காற்றுக்கும் கடலைக்கும் நம் நாட்டில் கச்சான் என்றே பெயர். ஒக்சலேற்றுக் கல் உள்ள பிள்ளைக்கு இரண்டும் மிஞ்சலாகாது. உப்பிடாத தேசிக்காய்த் தண்ணீர் நன்று.

கல் கண்ட பிள்ளை ஆசைக்கு நோன்பு பிடிக்க விரும்பினால், வைத்தியரைக் கேட்டபின்னரே விடுக. மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்துக்குப் போத்தலிலே தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். மாலையில் அது வெறுமையாய்த் திரும்புகிறதா என்றும் பாருங்கள்.