மீன் தொட்டியில் பாசித் தொல்லையா? எந்த மீனை விடலாம், எதை விடக் கூடாது?

வண்ண மீன் வளர்ப்பில், செடிகளோடு கூடிய கண்ணாடித் தொட்டிகளுக்கு இப்போது நல்ல வரவேற்பு இருக்கிறது. வீடு, அலுவலகம், உணவகம் ஆகியவற்றில் தொட்டி அமைத்துக் கொடுத்து, மாதந்தோறும் பராமரிப்பதையே தொழிலாகச் செய்யும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, "பாசியைத் தின்னும் மீன் எது?" என்பதுதான்.

சென்ற ஆண்டு பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞர், வாடிக்கையாளர் ஒருவருக்கு மூன்றடித் தொட்டி அமைத்துக் கொடுத்திருந்தார். ஒரே மாதத்தில் கண்ணாடியிலும் இலைகளிலும் பாசி படர்ந்துவிட்டது. கடையில் கேட்டபோது, 'டேங்க் கிளீனர்' என்று நான்கு சக்கர் மீன்களைக் கொடுத்தார்கள். சில மாதங்களில் அவை அரையடிக்கு மேல் வளர்ந்து, செடிகளை வேரோடு பெயர்த்துவிட்டன. பாசியும் குறையவில்லை. "இவற்றை ஊர் ஏரியில் விட்டுவிடலாமா?" என்று என்னிடம் கேட்டார். கூடவே கூடாது என்றேன். அதற்கான காரணத்தைக் கீழே பார்க்கலாம்.

பாசி வருவது ஏன்?

செடிக்குத் தேவையான வெளிச்சமும் சத்தும்தான் பாசிக்கும் தேவை. செடி எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவதில் பாசி வளர்கிறது. விளக்கு அதிக நேரம் எரிவது, ஜன்னல் வழியாக நேரடி வெயில் விழுவது, மீன் தின்று முடிக்காத தீவனம் அடியில் அழுகுவது, செடிகள் குறைவாக இருப்பது ஆகியவை முக்கியக் காரணங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் எந்த மீனை விட்டாலும் பலன் நிலைக்காது. மீனும் தின்று கழிவிடும் உயிர்தான். அந்தக் கழிவும் பாசிக்கு உரமாகிறது.

முதலில் செய்ய வேண்டியவை:

• விளக்கை நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் மட்டும் எரிய விடவும். டைமர் பொருத்துவது நல்லது.
• 2 அல்லது 3 நிமிடங்களில் மீன்கள் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் தீவனம் இடவும்.
• வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றவும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினை நீக்கிய பிறகே ஊற்ற வேண்டும்.
• தொடக்கத்திலேயே ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா, கபோம்பா போன்ற வேகமாக வளரும் செடிகளை நெருக்கமாக நடவும்.

பாசியை அடையாளம் காணுங்கள்

எல்லாப் பாசியையும் தின்னும் மீன் கிடையாது. எனவே, எந்தப் பாசி வந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

புதிய தொட்டியில், முதல் சில வாரங்களில் மாவு போலப் படிவது பழுப்புப் பாசி. கையால் தேய்த்தாலே போய்விடும். தொட்டி நிலைப்பட்டதும் பெரும்பாலும் தானாகவே குறையும். இதைக் கண்டு அவசரப்பட்டு மீன் வாங்க வேண்டாம்.

நூல் போல நீண்டு செடியைச் சுற்றுவது நூல் பாசி. இலை ஓரங்களிலும் மரக்கட்டையிலும் கறுப்புக் குஞ்சமாக ஒட்டியிருப்பது தாடிப் பாசி. கண்ணாடியில் கெட்டியாக ஒட்டும் பச்சைப் புள்ளிகளை மீன்கள் அவ்வளவாகத் தொடுவதில்லை. அவற்றைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

தண்ணீரே பச்சையாக மாறினாலும், நாற்றத்துடன் வழவழப்பான நீலப்பச்சைப் படலம் படர்ந்தாலும் இந்த மீன்களால் பயனில்லை. படலத்தைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, தண்ணீரை மாற்றி, விளக்கை அணைத்து, தொட்டியை மூன்று நாட்கள் துணியால் மூடி வைக்கலாம். அந்த நாட்களில் காற்றுக் குழாய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

எந்த மீன் எதற்கு?

ஓட்டோசின்க்ளஸ்: 4 முதல் 5 செ.மீ. வரை வளரும் சிறு கெளுத்தி இனம். இலையைச் சேதப்படுத்தாமல் பழுப்புப் பாசியையும் மென்மையான பச்சைப் பாசியையும் மேயும். இரண்டடித் தொட்டிக்கு 4 முதல் 6 மீன்கள் போதும். தொட்டி அமைத்து இரண்டு மாதங்களாவது ஆன பிறகே விட வேண்டும். புதுத் தொட்டியில் மேய்வதற்குப் பாசி கிடைக்காமல் பட்டினியால் இறந்துவிடும். வாங்கும்போது வயிறு ஒட்டிய மீன்களைத் தவிர்க்கவும்.

சயாமீஸ் ஆல்கே ஈட்டர்: நூல் பாசியையும் தாடிப் பாசியையும் தின்பதில் பெயர் பெற்றது. 12 முதல் 15 செ.மீ. வரை வளர்வதால் மூன்றடிக்குக் குறைந்த தொட்டிக்கு ஏற்றதல்ல. துள்ளி வெளியே விழும் என்பதால் மூடி அவசியம். தீவனம் தாராளமாகக் கிடைத்தால் பாசியைத் திரும்பிப் பார்க்காது. இதன் உடலில் ஓடும் கறுப்புக் கோடு வால் துடுப்பின் நுனி வரை செல்லும். 'சைனீஸ் ஆல்கே ஈட்டர்' என்பது வேறு மீன். அது வளர வளர மூர்க்கமாகி, மற்ற மீன்களின் உடலில் ஒட்டி மேல்படலத்தை உறிஞ்சும். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம்.

பிரிஸ்டில்நோஸ்: முகத்தில் மீசை போன்ற நீட்சிகள் கொண்ட சிறிய சக்கர் வகை. 12 முதல் 15 செ.மீ. வரைதான் வளரும். தொட்டிக்கு ஒன்று போதும். மேய்வதற்கு ஒரு மரக்கட்டை வைக்கவும். பசியோடு விட்டால் அகன்ற இலைகளைச் சுரண்டும்.

மோலி: கொளத்தூர் போன்ற மையங்களில் பரவலாக உற்பத்தியாகும் மீன். உப்புத்தன்மையுள்ள, கடினமான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் தாங்கும். மென்மையான பச்சைப் பாசியை நன்றாக மேயும். குட்டி போட்டுப் பெருகும் என்பதால் எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும்.

எந்த மீனானாலும் இரண்டு வாரங்கள் தனித்தொட்டியில் வைத்து, நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகே விடவும். பாசி தீர்ந்துவிட்டால், ஓட்டோசின்க்ளஸ், பிரிஸ்டில்நோஸ் இரண்டுக்கும் வெந்நீரில் போட்டெடுத்த வெள்ளரி அல்லது கீரையைக் கொடுக்கலாம். மீதியை மறுநாளே அகற்றிவிட வேண்டும்.

சக்கர் மீன் ஏன் வேண்டாம்?

கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்று விற்கப்படும் சாதாரண சக்கர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. விரலளவில் வாங்கும் மீன் ஒன்றரை அடி வரைகூட வளரும். வளர்ந்த பின் பாசி மேய்வது குறைந்து, கழிவுதான் அதிகமாகும்.

தொட்டியில் இடமில்லை என்று இதை ஏரி, குளத்தில் விடுவதுதான் பெரிய ஆபத்து. காற்றையும் விழுங்கிச் சுவாசிப்பதால் அசுத்தமான நீரிலும் பிழைக்கும். கரையில் வளை தோண்டி முட்டையிட்டுக் காவல் காக்கும். நாட்டு மீன்களின் உணவைப் பறிக்கும். உடலில் உள்ள கடினமான தட்டுகளும் முட்களும் மீனவர்களின் வலையைக் கிழிக்கும். தமிழகத்தின் பல நீர்நிலைகளில் இந்த மீன் ஏற்கெனவே பரவியுள்ளது. நான்கு மீன்தானே என்று ஒவ்வொருவரும் விட்டதன் விளைவு இது.

அந்த இளைஞரிடம், மீன்களை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். பிறகு விளக்கு நேரத்தைக் குறைத்து, செடிகளை அடர்த்தியாக நட்டு, கடைசியாக ஆறு ஓட்டோசின்க்ளஸ் மீன்களை விட்டார். இப்போது அந்தத் தொட்டியைக் காட்டித்தான் புதிய வாடிக்கையாளர்களைப் பிடிக்கிறார்.

எனவே, முதலில் வெளிச்சம், அடுத்து தீவனம், பிறகு செடி, கடைசியாகத்தான் மீன். இந்த வரிசையை மாற்றாமல் செய்தால் தொட்டியும் சுத்தமாக இருக்கும், ஊர் ஏரியும் பிழைக்கும்.