மூளைக்குள் ஓயாத பச்சைக் கைகள்

வாருங்கள், 2005-இல் அறிவியல் உலகத்தைத் துள்ள வைத்த ஓர் ஆய்வின் திரைமறைவுக்குள் எட்டிப் பார்ப்போம்! இடம் ஜெர்மனி, ஹைடல்பெர்க் நகரின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகம். மயக்கத்தில் ஒரு சுண்டெலி. அதன் மண்டை ஓட்டை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாகச் சீவியிருக்கிறார்கள். அதன் வழியே அகச்சிவப்பு லேசர் மூளைக்குள் இறங்குகிறது. திரையில் பச்சையாக ஒளிர்கின்றன மைக்ரோக்ளியா, அதாவது மூளையின் சொந்த நோய் எதிர்ப்புச் செல்கள்!

1919-இலேயே ஸ்பெயினின் பியோ டெல் ரியோ ஓர்தேகா வெள்ளிச் சாயம் ஏற்றி இவற்றை அடையாளம் காட்டிவிட்டார். ஆனால் நலமான மூளையில் இவை சும்மா ஓய்வெடுக்கின்றன என்றே பாடப்புத்தகங்கள் சொல்லி வந்தன.

ஓய்வா? திரையைப் பாருங்கள்! செல்லின் உடல் அசையவில்லை. கிளைகளோ நீள்கின்றன, சுருங்குகின்றன, அக்கம்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கின்றன. சில மணி நேரத்துக்கு ஒருமுறை மூளை முழுவதையும் இப்படித் துழாவி முடிக்கின்றன என்று கணக்கிட்டது ஆய்வுக்குழு.

அடுத்ததுதான் உச்சம். லேசரைக் கூட்டி ஒரு நுண்ணிய ரத்தக்குழாயில் சின்னக் காயம். தெருவில் யாரோ விழுந்த சத்தம் கேட்டு எல்லா வீட்டுக் கதவும் திறப்பதுபோல, சுற்றியிருந்த செல்கள் அத்தனையும் அந்தத் திசையில் கைநீட்டின. சில நிமிடங்களில் காயம் வளைக்கப்பட்டுவிட்டது! அடிபட்ட இடத்தில் கசியும் ஏடிபி என்ற மூலக்கூறுதான் இவற்றை அழைக்கிறது என்று அதே ஆண்டில் நியூயார்க் குழு ஒன்று காட்டியது.

நோயுற்ற மூளையிலும் இவற்றுக்கு வேலை உண்டு. மறதி நோயான அல்சைமரில் இதே செல்கள் அமிலாய்டு என்ற புரதத்தின் படிவுகளைச் சூழ்ந்து நிற்கின்றன. அதற்கு உதவும் டிரெம்2 மரபணுவில் ஓர் அரிய மாற்றம் இருந்தால் நோய் வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு என்று 2013-இல் தெரியவந்தது. ஆனால் 2016-இல் ஆய்வாளர் பெத் ஸ்டீவன்ஸின் குழு எலிகளில் கண்டது வேறு: படிவுகள் சேரும் முன்பே, நரம்புகளின் இணைப்புகளை இவை விழுங்கத் தொடங்கிவிடுகின்றன! ஆகவே இவற்றை மொத்தமாக அடக்கிவிட்டால் போதும் என்பது அவசர முடிவு. எப்போது அடக்குவது, எப்போது தூண்டுவது என்பதுதான் கேள்வி.

தலைக்காயத்திலும் இதே கேள்விதான். ஒரே ஒரு பலத்த அடி. 18 ஆண்டுகளுக்குப் பிறகும் சிலரது மூளையில் இந்தச் செல்கள் கொதிநிலையிலேயே இருந்ததை 2013-இல் வெளியான பிரேதப் பரிசோதனை ஆய்வு பதிவு செய்தது. பக்கத்துத் தெருவுக்குத்தான் என்றாலும், தயவுசெய்து ஹெல்மெட் போட்டுக்கொண்டு வண்டியை எடுங்கள்.