சுருட்டையா, குழிவிரியனா?

திருநெல்வேலிப் பக்கமிருந்து கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு வேலைக்கு வந்தவர்கள், விடுமுறைக்குப் பொன்முடி போகிறார்கள். அங்கே சருகுக்குள் ஒரு முழ நீளத்தில் பழுப்புப் பாம்பு சுருண்டு கிடந்தால், அவர்கள் வாயில் முதலில் வருவது ‘சுருட்டை’ என்ற பெயர்தான். பெரும்பாலும் அது சுருட்டையாக இராது.

சுருட்டை விரியன் வறண்ட நிலத்துப் பாம்பு. ராஜஸ்தான் பாலையிலும் உண்டு, நம் தென்மாவட்டங்களின் உடைமரக் காட்டிலும் கல்லடியிலும் உண்டு, யாழ்ப்பாண மணலிலும் உண்டு. விலாவில் நெளிநெளியாக ஒரு வெள்ளைக் கோடு. தலையில் அம்புக்குறி மாதிரி வெளிர் அடையாளம். பக்கச் செதில்கள் சாய்ந்தும் சொரசொரப்பாகவும் இருக்கும். சீண்டினால் உடலை மடித்து மடித்து உரசும். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம் அப்போது கேட்கும். அது கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

பொன்முடி மாதிரி ஈரச் சருகிலும் ரப்பர் தோட்டங்களிலும் வாழ்வது வேறொன்று: மலையாளிகள் ‘முழமூக்கன்’ என்கிற குழிவிரியன். மூக்கு நுனி மேலே துருத்தியிருக்கும். கண்ணுக்கும் நாசிக்கும் நடுவே வெப்பத்தை உணரும் குழி இருக்கும். சுருட்டைக்கு அது கிடையாது. சுருட்டையின் தலை முழுக்கப் பொடிச் செதில். இதற்கோ உச்சியில் பெரிய தகடுகள்.

இந்த வேறுபாடு ஆஸ்பத்திரியில்தான் பெரிதாகிறது. இரண்டின் விஷமும் ரத்தத்தை உறையவிடாது, சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். எந்தப் பாம்பு என்பதை அந்தக் குழாய் சொல்லாது. நம் நாட்டு விஷமுறிவு மருந்தோ நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்குக்கு மட்டுமே. அதற்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். 1978இல் தொடங்கிய சங்கம் அது. அந்த நான்கில் முழமூக்கன் இல்லை. கேரளத்தில் இதைச் சுருட்டை என்று தவறாக எண்ணியதும், ஏற்றிய முறிவு மருந்து பலிக்காததும் 2007இல் ஒரு மருத்துவ இதழில் பதிவாயின. அந்த நோயாளிகளுக்குச் சிறுநீரகத்தைக் கவனித்துக் காப்பதே சிகிச்சை.

சுருட்டையின் விஷத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. மாரடைப்புச் சிகிச்சையில் பயன்படும் டைரோஃபிபான் மருந்தை, அந்த விஷத்திலுள்ள ஒரு புரதத்தைப் பார்த்துத்தான் உருவாக்கினார்கள்.

கடிபட்டவர் பாம்பைத் துரத்திக்கொண்டு போக வேண்டியதில்லை. கூட இருப்பவர் தள்ளி நின்று செல்போனில் ஒரு படம் எடுத்தால் போதும். கட்டுப் போடாமல், கீறாமல், காலை அசைக்காமல் நேரே திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோங்கள். வீட்டுக்குள் பாம்பு புகுந்தால், கேரள வனத்துறையின் ‘சர்ப்பா’ செயலியில் பக்கத்திலுள்ள பயிற்சி பெற்ற மீட்பரை அழைக்கலாம்.