குளத்தைப் பார்த்து வாத்து வாங்கு

கல்கத்தாவின் தென்மேற்கு ஓரத்தில், ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கிறது கார்டன் ரீச். கப்பல் கட்டும் தளமும், அதை ஒட்டிய மட்டியாபுருஜின் தையல் கூடங்களும்தான் இன்று அதற்கு அடையாளம். ஒரு காலத்தில் ஊரே வேடிக்கை பார்க்க வந்த பறவைக்கூட்டம் இங்கே இருந்தது. 1856இல் ஆங்கிலேயரிடம் அரசைப் பறிகொடுத்த அவத் நவாப் வாஜித் அலி ஷா இங்கே குடியேறி, 1887இல் கண்மூடும்வரை மாளிகைகளும் மிருகக்காட்சிசாலையுமாக வாழ்ந்தார். அங்கே இளமையைக் கழித்த உருது எழுத்தாளர் அப்துல் ஹலீம் ஷரர், வேலிக்குள் மான்கள் திரிந்ததையும், நடுவில் சலவைக்கல் குளத்தருகே நீர்ப்பறவைகள் உலவியதையும் எழுதி வைத்திருக்கிறார்.

நவாப் வீட்டுப் பறவைக்குத் தீனி வைக்க ஆட்கள் இருந்தார்கள். வங்காளத்துச் சாதாரண வீட்டு வாத்துக்கு அதெல்லாம் வேண்டாம். பக்கத்தில் ஒரு குளம் இருந்தால் போதும்.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 3.3 கோடி வாத்துகள். மேற்கு வங்கமும் அசாமும்தான் இதில் முன்னணி. தமிழ்நாட்டில் வாத்து என்றால் அறுவடை முடிந்த வயல்களில் ஆயிரக்கணக்கில் ஓட்டிப்போகும் மந்தை நினைவுக்கு வரும். வங்காளத்தில் கதை வேறு. வீட்டுக்கு ஐந்து, பத்து. பார்த்துக்கொள்வது பெரும்பாலும் பெண்கள். முட்டைக் காசும் அவர்கள் கைச்செலவுக்கு. காலையில் கூட்டைத் திறந்தால் வாத்துகள் வரிசையாகக் குளத்துக்கு நடக்கும். சாயங்காலம் கரையில் நின்று "சொய் சொய்" என்று குரல் கொடுத்தால் திரும்பி வரும்.

கூட்டை விடிந்ததும் திறந்துவிடக் கூடாது என்பது வாத்து வளர்ப்பின் முதல் பாடம். வாத்து பின்னிரவிலும் விடியலிலும் முட்டையிடும் பறவை. எட்டு, ஒன்பது மணிவரை அடைத்து வைத்தால் முட்டை வைக்கோலில் கிடைக்கும். அவசரப்பட்டால் குளத்துச் சேற்றில் போகும்.

குளத்தில் அது சும்மா நீந்துவதில்லை. குட்டி நத்தை, புழு, பூச்சி, கொசுப்புழு, பாசி என்று நாளெல்லாம் மேய்கிறது. வீட்டில் கொஞ்சம் தவிடும் மிஞ்சிய சோறும் நனைத்து வைத்தால் கணக்கு முடிந்தது. காய்ந்த தீனி தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் தண்ணீர் இருந்தே ஆகவேண்டும்.

நாட்டு ரகம் ஆண்டுக்கு நூறு முட்டையைத் தொட்டாலே பெரிது. காக்கி கேம்ப்பெல் நல்ல தீனிக்கு முந்நூறு வரைகூடப் போகும். இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயரில் கேம்ப்பெல் என்ற பெண்மணி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியன் ரன்னர் வாத்தோடு பிற வாத்துகளைச் சேர்த்து உருவாக்கிய இனம் அது. பட்டாளத்து உடுப்பின் நிறத்தால் காக்கி என்ற பெயர் வந்தது. முட்டையிடுவதில் சூரப்புலியான இது அடைகாப்பதில் மட்டும் சோம்பேறி. அதனால் முட்டைகளைக் கோழிக்கு வைப்பார்கள். 21 நாளில் குஞ்சை எதிர்பார்க்கும் கோழி, பாவம், 28 நாள் உட்கார்ந்திருக்கும். கோழி வளர்க்கும் வாத்துக்குஞ்சுகளை முதல் சில வாரம் ஆழத் தண்ணீரில் விடக் கூடாது. தாய்வாத்தின் இறகு எண்ணெய் இவற்றின் மேல் படிவதில்லை, நனைந்து விறைத்துப்போகும்.

குளமே இல்லாமல் வளர்க்க முடியாதா? முடியும். வாத்துக்கு நீச்சல் கட்டாயமில்லை; தலை முழுக அமிழ்த்திக் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ளும் அளவுக்கு ஒரு தொட்டி போதும். ஆனால் அப்போது மேய்ச்சல் போய்விடுகிறது, முழுத்தீனியும் கடையில் வாங்க வேண்டியிருக்கிறது. தொட்டிக்கரை வாத்து என்பது கூடுதலாகத் தின்று, கூடுதலாகச் சேறு பண்ணும் கோழிதான். அக்கம்பக்கத்துச் சண்டை அதற்கு மேல்.

கார்டன் ரீச் போன்ற இடத்தில் சிக்கலே குளம் இல்லாமல் போவதுதான். 5 கட்டா (வங்காளத்து நில அளவு) அல்லது அதற்கு மேற்பட்ட நீர்நிலையைத் தூர்ப்பதை மேற்கு வங்க உள்நாட்டு மீன்வளச் சட்டம் தடுக்கிறது. இருந்தும் நகர ஓரத்துக் குளங்களில் குப்பையும் மண்ணும் விழுந்துகொண்டே இருக்கின்றன. 2024 மார்ச் 17 நள்ளிரவில் கார்டன் ரீச்சில் அனுமதியின்றிக் கட்டிக்கொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடம் பக்கத்துக் குடிசைகள் மேல் சரிந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீர்நிலையைத் தூர்த்த இடத்தில் எழும்பிய கட்டடம் என்ற குற்றச்சாட்டு அப்போது பலமாக எழுந்தது. குளம் போனால் மழைநீருக்கு வழி போகிறது, மண்ணின் உறுதி போகிறது. ஏழைவீட்டு முட்டை போவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

குளம் உள்ளவர்களுக்கும் கவலை இல்லாமல் இல்லை. பூஞ்சை பிடித்த கடலைப்புண்ணாக்கும் மக்காச்சோளமும் வாத்துக்கு எமன். கோழி தாங்கும் பூஞ்சை நஞ்சைக்கூட இது தாங்காது. வாத்துப் பிளேக் என்ற நோய் இன்னொன்று. இந்தியாவில் அது முதலில் பதிவானது 1960களில், இதே மேற்கு வங்கத்தில். இதற்குத் தடுப்பூசி உண்டு. இரண்டு, மூன்று மாத வயதில் போட்டுவிட வேண்டும்.

பறவைக்காய்ச்சல்தான் பெரிய அடி. 2008 ஜனவரியில் பீர்பூம், தெற்கு தினாஜ்பூர் மாவட்டங்களில் தொடங்கியது, பிற மாவட்டங்களுக்கும் பரவியது. கோழியும் வாத்துமாக லட்சக்கணக்கில் அழித்தார்கள். வளர்த்ததை ஒப்படைக்க மனமில்லாமல் பறவைகளை ஒளித்து வைத்தவர்களும் உண்டு. வாத்து விஷயத்தில் அது இரட்டை ஆபத்து. வைரஸைச் சுமந்தபடியே நோய்க்குறி காட்டாமல் வாத்து நீந்திக்கொண்டிருக்கும், பக்கத்துக் கோழிகள் விழும். ஒரே நாளில் இரண்டு மூன்று பறவைகள் செத்தால் சடலத்தைக் குளத்தில் எறியாமல், வெறுங்கையால் தொடாமல், அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் வந்து பார்க்கும்வரை மற்ற வாத்துகளைக் குளத்துக்கு அனுப்பாமல் கூட்டிலேயே அடைத்து வைக்க வேண்டும்.