வீட்டுத் தோட்டத்தில் பூ: இன்பம் பாதி, தொல்லை பாதி!

கடைத்தெருவில் ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்க ஒரு நிமிஷம் போதும். அதே ஒரு முழம் பூவை வீட்டிலே பூக்கவைக்க ஒரு வருஷம் ஆகும்!

அப்படி இருந்தும் மக்கள் செடி வைக்கிறார்கள். கொல்லையில் வைக்கிறார்கள். வாசலில் வைக்கிறார்கள். மண் இல்லாத வீட்டில் மொட்டைமாடியில் தொட்டி வைக்கிறார்கள். அதற்கும் இடம் இல்லை என்றால், ஜன்னல் ஓரத்தில் ஓர் உடைந்த வாளியாவது இருக்கும். அதில் ஒரு கனகாம்பரம் இருக்கும்.

ஏன் இந்த ஆசை?

தமிழருக்கும் பூவுக்கும் உள்ள உறவு பழையது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களின் பெயரைச் சொல்லியிருக்கிறார். முல்லைக்கொடி படரக் கொம்பு இல்லாமல் தவித்ததாம். அதைக் கண்ட பாரி வள்ளல் தன் தேரையே நிறுத்திவிட்டுப் போனானாம்.

நம்மிடம் தேர் இல்லை. ஆனால் கொடி படர நாமும் கயிறு கட்டுகிறோம். அந்தக் கயிற்றில் துணி உலர்த்த வருகிறவர்களோடு சண்டையும் போடுகிறோம்!

மணி சொல்லும் பூக்கள்

பூச்செடி வைத்த வீட்டில் கடிகாரம் இல்லாமலே நேரம் சொல்லலாம்.

வெயில் ஏறியதும் பத்துமணிப் பூ விரியும். மாலை 4 மணி சுமாருக்கு அந்திமந்தாரை மலரும். விளக்கு வைக்கும் நேரத்தில் மல்லிகை வாய் திறக்கும். இரவில் பவழமல்லி பூக்கும். விடியும்போது வெள்ளை இதழும் சிவந்த காம்புமாகத் தரையெல்லாம் உதிர்ந்து கிடக்கும்.

ரங்கூன் மல்லி இன்னும் வேடிக்கையானது. மாலையில் வெள்ளையாக மலரும். மறுநாள் இளஞ்சிவப்பாக மாறும். பிறகு நல்ல சிவப்பாகும். ஒரே கொத்தில் மூன்று நிறம் பார்க்கலாம்.

குழந்தைகளை அழைத்து இவற்றைக் காட்டுங்கள். அந்திமந்தாரை விரிவதை ஒருநாள் உட்கார்ந்து பார்த்த குழந்தை, மறுநாள் நீங்கள் கூப்பிடாமலே வந்து உட்காரும்.

மல்லிகை ஏன் ஏமாற்றுகிறது?

"செடி தளதளவென்று இருக்கிறது. பூ மட்டும் இல்லை!"

மல்லிகை வளர்ப்பவர்களில் பாதிப் பேர் சொல்லும் குறை இது. காரணம் பெரும்பாலும் இரண்டுதான்.

ஒன்று, வெயில் போதாமை. மல்லிகைக்கு நல்ல வெயில் வேண்டும். மர நிழலில் வைத்தால் இலை விடும், பூ விடாது.

இரண்டாவது, கிளையை வெட்ட மனம் வராமை. ஆசையாக வளர்த்த செடியை எப்படி வெட்டுவது என்று தயங்குகிறார்கள். மல்லிகைப் பூ புதிய தளிரில்தான் வரும். விவசாயிகள் நவம்பர் கடைசியில் செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டுக் கவாத்து செய்துவிடுகிறார்கள். பார்க்கப் பரிதாபமாக இருக்கும். ஆனால் மாசி, பங்குனியில் புதுத் தளிரும் மொட்டுமாகச் செடி நிறைந்துவிடும். கோடை முழுவதும் பூக்கும்.

மதுரை மல்லிக்கு 2013-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமைக்குரிய செடியும் வருஷத்துக்கு ஒரு முறை இப்படி வெட்டுப்பட்டுத்தான் பூக்கிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. மார்கழி, தை மாதக் குளிரில் மல்லிகை பூப்பது குறைந்துவிடும். அதனால்தான் பொங்கல் சமயத்தில் சந்தையில் மல்லிகை விலை கிலோ ஆயிரக்கணக்கில் ஏறுகிறது. "வீட்டில்தான் செடி இருக்கிறதே, கடையில் ஏன் வாங்கவேண்டும்?" என்று குடும்பத் தலைவர் கேட்பார். அந்த வாரத்தில் செடியில் ஒரு மொட்டுக்கூட இருக்காது!

குளிர் மாதங்களுக்கு டிசம்பர் பூவும் சாமந்தியும் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும்.

சாமந்திக்கு நீண்ட இரவு வேண்டும். இரவு முழுவதும் தெருவிளக்கு வெளிச்சம் விழும் இடத்தில் வைத்தால், அது பொழுது இன்னும் சாயவில்லை என்று நினைத்துக்கொள்ளும். மொட்டு விடத் தாமதிக்கும். தொட்டியைச் சற்று நகர்த்தி இருட்டில் வையுங்கள்.

காணாமல் போன ரோஜா

தள்ளுவண்டியில் ரோஜாச் செடி வருகிறது. கை அகலத்தில் ஒரு சிவப்புப் பூ அதில் சிரிக்கிறது. பேரம் பேசி வாங்குகிறோம். தொட்டியில் நடுகிறோம். ஆறு மாதத்தில் செடி ஆள் உயரம் வளர்கிறது. பூ மட்டும் வருவதில்லை. "வண்டிக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று திட்டுகிறோம்.

வண்டிக்காரர் மீது குற்றம் இல்லாமல் இருக்கலாம். அது ஒட்டுச்செடி. அடியில் இருப்பது முரட்டுக் காட்டு ரோஜா. அதன் மேல்தான் நல்ல ரோஜாவை ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டின இடத்துக்குக் கீழே காட்டு ரோஜா தளிர் விட்டால், அது கிடுகிடுவென்று வளரும். நல்ல ரோஜாவுக்குப் போகவேண்டிய சத்தை அதுவே தின்றுவிடும். கடைசியில் நல்ல ரோஜா பட்டுப்போகும். முள்ளும் கொடியுமாகக் காட்டு ரோஜா நிற்கும்.

ஒட்டுக்குக் கீழே தளிர் வந்தால் அன்றைக்கே கிள்ளிவிட வேண்டும். நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும்.

எறும்பு செய்யும் வியாபாரம்

செம்பருத்திக்கு ஆயுள் ஒரு நாள்தான். காலையில் விரிந்து மாலையில் சுருங்கிவிடும். ஆனால் தினமும் பூக்கும். வளர்ப்பதும் சுலபம். அதைக் கெடுக்க வருவதுதான் மாவுப்பூச்சி.

தண்டில் வெள்ளைவெள்ளையாய்ப் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கும். பக்கத்தில் எறும்புகள் சாரி சாரியாக ஏறும். எறும்பு பூச்சியைத் தின்ன வரவில்லை. மாவுப்பூச்சி இனிப்பான நீரைக் கசியவிடுகிறது. அதைக் குடிக்கத்தான் எறும்பு வருகிறது. நாம் பாலுக்கு மாடு வளர்ப்பதுபோல எறும்பு மாவுப்பூச்சியைக் காவல் காக்கிறது!

பூச்சி கொஞ்சமாக இருக்கும்போதே தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போய்விடும். அதிகமாகிவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பு நீரும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். வாரம் ஒரு முறை, இரண்டு மூன்று வாரம் தெளிக்க வேண்டும். ஒரே நாளில் ஒழிந்துவிடாது. நாம் ஓய்ந்தால் அது ஓயாது!

மல்லிகை மொட்டில் ஓட்டை தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். அந்த மொட்டுகளைப் பறித்துச் செடிக்குத் தூரமாக அழித்துவிட வேண்டும். செடியடியில் போட்டால் புழு மறுபடி வரும்.

அன்பினால் சாகும் செடி

தொட்டிச் செடிகளில் பல, தண்ணீர் இல்லாமல் சாவதில்லை. தண்ணீர் அதிகமாகிச் சாகின்றன.

காலையில் அம்மா ஊற்றுகிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகன் ஊற்றுகிறான். மாலையில் தாத்தா ஒரு சொம்பு ஊற்றுகிறார். வேர் மூச்சு முட்டி அழுகுகிறது. இலை வாடுகிறது. "ஐயோ, வாடிவிட்டதே!" என்று இன்னும் ஒரு சொம்பு ஊற்றுகிறார்கள்!

விரலை மண்ணுக்குள் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். தொட்டி அடியில் துவாரம் கட்டாயம் இருக்க வேண்டும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருக்கிறீர்களா? அதில் தேங்கும் தண்ணீர்தான் டெங்கு கொசுவின் பிரசவ அறை. முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாட்கள்தான் ஆகும். வாரம் ஒருமுறையாவது தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். இந்தக் கொசு பகலிலேயே கடிக்கும். பூ பறிக்க வரும் குழந்தையைத்தான் முதலில் கடிக்கும்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. அரளி அழகுதான், ஆனால் அதன் இலை, பூ, காய், தண்டு எல்லாமே விஷம். செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநிலப் பூ. ஆனால் அதன் கிழங்கு கொடிய விஷம். கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் குழந்தை இருக்கும் வீட்டில் இவை இரண்டும் வேண்டாம்.

தண்ணீர்ப் பஞ்சத்தில்

2019-ம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றார்கள். குடிக்கவே இல்லாதபோது செடிக்கு எங்கே போவது?

அப்படிப்பட்ட காலத்தில் கைகொடுப்பது அரிசியும் பருப்பும் காய்கறியும் கழுவிய நீர். ஒரு குடும்பத்துச் சமையலறையில் தினமும் சாக்கடைக்குப் போகும் இந்தத் தண்ணீர், நாலைந்து தொட்டிகளுக்குப் போதும். உப்பும் சோப்பும் கலந்த நீர் மட்டும் ஆகாது. மண்ணின் மேல் காய்ந்த இலைகளைப் பரப்பிவைத்தால் ஈரம் சீக்கிரம் உலராது.

வாடகை வீட்டு மல்லிகை

செடி வைப்பவர்களின் பெரிய துயரம் பூச்சி அல்ல, வீடு மாறுவது!

நட்டு, காத்திருந்து, மூன்றாவது வருஷம் கொத்துக் கொத்தாகப் பூக்கும்போது வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். கட்டிலையும் பீரோவையும் வண்டியில் ஏற்றலாம். மண்ணில் வேரோடிய மல்லிகையை என்ன செய்வது?

இதற்கும் வழி இருக்கிறது. தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, நடுப்பகுதியை ஒரு தொட்டி மண்ணில் புதையுங்கள். நுனி வெளியே இருக்கட்டும். மேலே ஒரு கல் வையுங்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று மாத வாக்கில் வேர் விடும். பிறகு தாய்ச்செடியிலிருந்து வெட்டிவிடலாம். இதுதான் பதியன். தாய் அந்த வீட்டில் இருக்கும். மகள் உங்களோடு வருவாள்.

விடியற்காலைப் பூத்திருடர்கள்

வாசலில் செடி வைத்தவர்களுக்குத் தெரியும். விடியுமுன் ஒரு பையோடு வருவார்கள். உலாவப் போகிறவர்கள்போல நடப்பார்கள். எட்டிய மட்டும் பறித்துக்கொண்டு போவார்கள். கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"சாமிக்குத்தானே பறிக்கிறேன்!"

திருடிய பூவைச் சாமி எப்படி ஏற்றுக்கொள்ளும் என்று தெரியவில்லை!

ஆனால் "அக்கா, நாலு பூ பறிச்சுக்கட்டுமா?" என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இல்லை என்று சொல்ல மனம் வருவதில்லை. பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாத வீட்டிலிருந்துகூட, வெள்ளிக்கிழமை ஒரு கிண்ணம் பூ சுவருக்கு மேலே போவது உண்டு. பூ போன வழியில் பிறகு பேச்சும் போகும்.

யாருக்குப் பூ?

கடைசியாக ஒரு விஷயம்.

பல வீடுகளில் தோட்டத்தைக் கவனிப்பவர் பாட்டிதான். நீர் ஊற்றுவது அவர். புழு பொறுக்குவது அவர். மாலையில் மொட்டுப் பறித்து, வாழைநாரில் நெருக்கமாகக் கட்டுவதும் அவரே. பேத்திக்கு வைத்துவிடுவார். மருமகளுக்குத் தருவார். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கொடுப்பார். அவர் தலையில் மட்டும் பூ இருக்காது. தாத்தா இறந்த அன்றோடு அது நின்றுபோனது.

கணவனை இழந்தவள் பூச் சூடக்கூடாது என்று எந்தச் செடி சொன்னது? பிறந்தது முதல் சூடிய பூவை ஒரே நாளில் பறித்துக்கொள்வது என்ன நியாயம்? இன்று பல பெண்கள் இந்த வழக்கத்தை மீறிப் பூச் சூடுகிறார்கள். அது நல்ல மாற்றம். ஆனால் இன்னும் பல பெண்கள் ஊர் என்ன சொல்லுமோ என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை அவர்களாகப் போக்கிக்கொள்ள முடியாது. வீட்டில் இருப்பவர்கள்தான் போக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பாட்டியோ, அம்மாவோ, அக்காவோ இருக்கலாம். அவர் கட்டிய சரத்தில் ஒரு துண்டை அவருக்கே கொடுத்துப் பாருங்கள். முதல் நாள் மறுப்பார். "எனக்கு எதுக்கு?" என்பார். மறுநாளும் கொடுங்கள்.

இன்றே தொடங்கலாம்

தோட்டம் வைக்கப் பெரிய இடம் வேண்டாம். மூன்று தொட்டி போதும். செம்மண், மணல், மக்கிய சாணம் மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்புங்கள். ஒன்றில் மல்லிகை, ஒன்றில் செம்பருத்தி, ஒன்றில் கனகாம்பரம் வையுங்கள். கனகாம்பரத்துக்கு மணம் இல்லை. ஆனால் கட்டினால் இரண்டு நாள் வாடாது.

முதல் வருஷம் பூவை எண்ணாதீர்கள். ஒரு செடி பட்டுப்போகும். ஒன்றை ஆடு கடிக்கும். ஒன்று பிழைத்து ஒரே ஒரு மொட்டு விடும். அந்த மொட்டைப் பார்க்க வீட்டில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக வருவீர்கள்.

அது கடையில் கிடைக்காது!