80-க்கு 58: சிலிண்டரைக் கழற்றச் சம்மதிக்கும் முன்

அமெரிக்காவில் பழைய செஸ்னா விமானம் ஒன்றைச் சொந்தமாகவோ பங்குக்கோ வைத்திருப்பவர்களுக்கு, வருடாந்திரச் சோதனை என்றாலே வயிற்றில் புளி கரைக்கும். மூன்றாவது சிலிண்டர் 58தான் காட்டுகிறது, கழற்றிவிடலாமா என்று பட்டறையிலிருந்து போன் வரும். உடனே தலையாட்ட வேண்டாம். காற்று எந்த வழியாகப் போகிறது என்று முதலில் கேளுங்கள்.

அந்த எண் வருவது இப்படி: இன்ஜின் சூடாக இருக்கும்போதே, பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சியில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியாக 80 பி.எஸ்.ஐ. காற்றைச் செலுத்துவார்கள். சிலிண்டர் எவ்வளவைத் தக்கவைக்கிறது என்பதை இரண்டாவது கேஜ் காட்டும். மீதி எங்கே போகிறது என்பதைக் காதுதான் சொல்லும். புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங். ரிங் கசிவு பல சமயம் ஒருமுறை பறந்துவிட்டு வந்து அளந்தால் மாறிவிடும். வால்வு கசிவை அப்படி விட முடியாது.

லைகாமிங் இன்ஜினுக்கு 60 கீழ் எல்லை. சிலிண்டர்களுக்கிடையே 10, 15 வித்தியாசம் வந்தாலும் ஆராயச் சொல்கிறார்கள். கான்டினென்டலில் கணக்கு வேறு. அளவு குறித்த துளையுள்ள கருவியைக் கொண்டு அன்றைக்கு அந்த கேஜுக்கான எல்லையை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அது பெரும்பாலும் 40-களில் வந்து நிற்கும். ஆக, ஒன்றில் தேறாத 58 மற்றொன்றில் தேறிவிடலாம். சிலிண்டருக்குள் சிறு கேமராவை விட்டுப் பார்க்கும் போர்ஸ்கோப் சோதனையையும் கான்டினென்டல் சேர்த்தே கேட்கிறது. நல்ல எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தில் நிறம் வட்டமாக, ஒரே சீராகப் படிந்திருக்கும். கருகத் தொடங்கியதில் ஓர் ஓரம் மட்டும் வேறு நிறமாகத் தெரியும். அந்தப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

தேவையில்லாமல் கழற்றுவது பணநஷ்டம் மட்டுமல்ல. திரும்பப் பூட்டும்போது போல்ட் முறுக்கம் பிசகினால் பேரிங் நகர்ந்து இன்ஜினே போய்விடும். என் கணக்கில் 58-ஐவிடப் பெரிய ஆபத்து இதுதான்.

இந்தக் காற்றுச் சோதனையை வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் புரொப்பெல்லர் பக்கம் நிற்காதீர்கள். ஐந்து அங்குல பிஸ்டன் மீது 80 பி.எஸ்.ஐ. என்றால் முக்கால் டன் பாரம். உச்சியிலிருந்து சற்று நகர்ந்தாலும் பிளேடு சுழன்று அடிக்கும். விவரம் தெரிந்த ஒருவர் அதைக் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும்.

இனி உரிமை. விமானம் பறக்கத் தகுதியோடு இருப்பதற்கு முதல் பொறுப்பு உரிமையாளருக்கே என்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விதி 91.403. எதைப் பழுதுபார்ப்பது, யாரிடம் கொடுப்பது என்ற முடிவும் உங்களுடையது. தகுதியில்லை என்று சோதித்தவர் கருதினால், விதி 43.11-ன்படி கையெழுத்தும் தேதியும் இட்ட குறைப்பட்டியலைத் தர வேண்டும். அத்தோடு சோதனை முடிந்தது. உரிமம் பெற்ற வேறொரு மெக்கானிக் அந்தக் குறைகளைச் சரிசெய்யலாம். வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமானால், பாதுகாப்பாகப் பறக்கும் நிலையில் இருந்தால், எஃப்.ஏ.ஏ.விடம் சிறப்புப் பறப்பு அனுமதி கேட்கலாம். சோதனைக்குத் தனிக் கட்டணம், பழுதுக்கு முன் ஒப்புதல் என்று முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். பில் தகராறானால் பல மாநிலங்களின் சட்டம், பாக்கி தீரும்வரை விமானத்தை நிறுத்திவைக்கப் பட்டறைக்கு இடம் கொடுக்கிறது.